நெல்லையின் உச்சிவேளையும் ரயில்வேயின் மணியும்: போக்குவரத்தில் கடிகாரங்கள் ஒத்துப்போவது எப்படி

இந்திய நேரத்தை எல்லாத் துறைகளிலும் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 'ஒரே நாடு, ஒரே நேரம்' என்று அது செய்தியானபோது பலருக்கும் எழுந்த ஐயம் இயல்பானதே. திருநெல்வேலிச் சந்திப்பின் கடிகாரமும் டெல்லியின் கடிகாரமும் ஏற்கெனவே ஒரே மணியைத்தானே காட்டுகின்றன? இதில் புதிதாகக் கட்டாயமாக்குவதற்கு என்ன இருக்கிறது?

கடிகாரங்கள் காட்டும் மணி ஒன்றுதான். அதை அவை யாரிடமிருந்து கேட்டு வைத்துக்கொள்கின்றன என்பது ஒன்றல்ல. நடைமேடைக் கடிகாரம் நிலையத்தின் தாய்க் கடிகாரத்தைக் கேட்கிறது. கைப்பேசி தன் கோபுரத்தைக் கேட்கிறது. கோபுரம் பெரும்பாலும் அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களைக் கேட்கிறது. சுங்கச்சாவடியின் கணினி இணையத்தில் எங்கோ உள்ள ஒரு சேவையகத்தைக் கேட்கிறது. பேருந்து நிலையத்துச் சுவர்க் கடிகாரமோ யாரையும் கேட்பதில்லை. மணி, நிமிடம் என்ற அளவில் இவை ஒத்துப்போகலாம். விநாடிக்கும் அதன் பின்னங்களுக்கும் இறங்கினால் ஒவ்வொன்றும் தனி ஊர். இன்றைய போக்குவரத்து அந்தப் பின்னங்களில்தான் நடக்கிறது.

சொற்கள் மூன்று

இந்தப் பொருளைப் பேசும்போது மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

1. துல்லியம்: ஒரு கடிகாரம் காட்டும் நேரம், ஏற்றுக்கொள்ளப்பட்ட மூல நேரத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது. இந்தியாவுக்கு அந்த மூலத்தைப் பேணுவது புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

2. ஒத்திசைவு: இரண்டு கடிகாரங்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம் தவறாக ஓடினாலும் அவை ஒத்திசைந்தவையே.

3. விலகல்: திருத்துவார் இல்லாமல் விட்டுவிட்டால் ஒரு கடிகாரம் நாளொன்றுக்கு எவ்வளவு தள்ளிப்போகும் என்பது. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு தவறினால், அது நாளுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி, மாதத்துக்கு 50 விநாடிக்கு மேல்.

போக்குவரத்துக்கு முதலில் வேண்டியது இரண்டாவதுதான். சேரன்மகாதேவியும் அம்பாசமுத்திரமும் தமக்குள் ஒத்துப்போனால் அவ்விரண்டுக்கும் இடையே வேலை நடக்கும். வலைப்பின்னல் பெரிதாகி, எல்லோரும் எல்லோரோடும் ஒத்துப்போக வேண்டிய நிலை வரும்போதுதான் எல்லோருக்கும் பொதுவான மூலம் ஒன்று தேவைப்படுகிறது.

சூரியன் தரும் நேரம்

பூமி 360 பாகையை 24 மணி நேரத்தில் சுற்றுகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. திருநெல்வேலி ஏறத்தாழ 77.7 பாகையில் இருக்கிறது. இடைப்பட்ட 4.8 பாகையை நான்கால் பெருக்கினால் 19 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். ஆகவே நெல்லையப்பர் கோயில் கோபுரத்துக்கு நேரே சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரங்கள் சராசரியாக 12 மணி 19 நிமிடம் காட்டும். பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்த உச்சிவேளை நவம்பர் தொடக்கத்தில் 12.03 வாக்கிலும் பிப்ரவரி நடுவில் 12.33 வாக்கிலுமாக ஊசலாடும். சென்னைக்கும் நெல்லைக்கும் இடையில் மட்டுமே சூரிய நேரத்தில் பத்து நிமிட வேறுபாடு இருக்கிறது. தூத்துக்குடிக்கும் செங்கோட்டைக்கும் இடையிலேயே மூன்றரை நிமிடம் உண்டு.

நாழிகைக் கணக்கில் வாழ்ந்த ஊர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ஒரு நாழிகை 24 நிமிடம். மூன்றரை நிமிடம் அதற்குள் கரைந்துவிடும். மாட்டுவண்டி தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்கு வருவதற்குள் கரைந்துபோகிற நிமிடங்களை யார் எண்ணப்போகிறார்கள்? எண்ண வைத்தது ரயில். மணியாச்சியிலிருந்து பிரிந்து 1876-இல் திருநெல்வேலிக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தபோது, அதனோடு கூடவே மதராஸ் நேரமும் வந்தது.

மதராஸ் வானாய்வகம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பட்டது. அதன் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. தந்தி வழியாக அது பரப்பப்பட்டது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வேறு வேறு உள்ளூர் நேரங்கள் இருந்த காலத்திலும், இந்திய ரயில்வேக்கள் மதராஸ் நேரத்தையே பொது நேரமாகக் கொண்டு ஓடின. இன்றைய இந்திய நேரம் 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன். அதாவது நெல்லை மக்களின் கடிகாரம் இருமுறை சூரியனை விட்டு விலகியது: முதலில் பத்து நிமிடம், பிறகு மேலும் ஒன்பது நிமிடம். பஞ்சாங்கம் மட்டும் இன்னும் உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சென்னையில் அச்சான நாள்காட்டியின் உதய நேரத்தை அப்படியே நெல்லைக்கு எடுத்துக்கொள்வது கணக்குப்படி பிசகு என்று சோதிடர்கள் சொல்வது இந்தத் தீர்க்கரேகைக் கணக்கினால்தான்.

டோக்கனுக்குக் கடிகாரம் தேவையில்லை

ஒத்திசைந்த கடிகாரங்கள் இல்லாவிட்டால் ரயில்கள் மோதிக்கொள்ளும் என்று பொதுவாக நினைக்கிறோம். இது பாதி உண்மைதான். எந்தப் பாதி என்பதைத் தெரிந்துகொண்டால் இன்றைய தொழில்நுட்பங்களின் ஆபத்தையும் சரியாக மதிப்பிடலாம். ஒரே தடத்தில் இரு ரயில்களைப் பிரித்து வைக்க இரண்டு வழிகள் உண்டு.

1. நேரத்தால் பிரித்தல். இந்த ரயில் இன்ன மணிக்குள் இந்த நிலையத்தில் ஒதுங்கி நிற்கும், எதிர் ரயில் அதற்குப் பிறகே வரும் என்று கால அட்டவணையைக் கொண்டே காத்தல். இதில் கடிகாரம்தான் காவல்காரன்.

2. இடத்தால் பிரித்தல். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரே ரயில்தான் இருக்கலாம் என்று கருவியைக் கொண்டே கட்டுப்படுத்துதல். இதில் கடிகாரத்துக்கு வேலையே இல்லை.

அமெரிக்காவின் ஒற்றைத் தடங்கள் நெடுங்காலம் முதல் வழியில் ஓடின. ஓஹியோ மாநிலத்தின் கிப்டனில் 1891-இல் அஞ்சல் ரயிலும் பயணிகள் ரயிலும் நேருக்கு நேர் மோதின. ஓட்டுநர் ஒருவரின் சட்டைப்பைக் கடிகாரம் நான்கு நிமிடம் நின்றுவிட்டு, பிறகு தானாக ஓடத் தொடங்கியிருந்தது என்று கண்டறியப்பட்டது. கிளீவ்லாந்து நகரின் நகை வணிகர் வெப் பால் என்பவரைக் கொண்டு ரயில்வே ஊழியர்களின் கடிகாரங்களுக்குக் கடுமையான தரவிதிகளும் முறையான சோதனைகளும் ஏற்படுத்தப்பட்டன. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் தவறும் கடிகாரம் பணிக்கு ஆகாது என்பது அவற்றுள் ஒன்று.

நம் பக்கத்துக்கு வந்தது இரண்டாவது வழி. நெல்லையிலிருந்து தென்காசிக்குப் போகும் ஒற்றைத் தடத்தில், இரும்புப் பந்து வடிவ டோக்கனை வளையத்தோடு கூடிய பையில் வைத்து, ஓடும் ரயிலின் ஓட்டுநரிடம் நீட்டும் காட்சியை மூத்தோர் பார்த்திருப்பார்கள். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள டோக்கன் பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். எதிர் நிலையத்தின் இசைவு இல்லாமல் டோக்கன் வெளியே வராது. ஒன்று வெளியே வந்துவிட்டால், அது ஏதேனும் ஒரு பெட்டிக்குள் திரும்பும்வரை இன்னொன்று வராது. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநருக்கு அந்தப் பகுதிக்குள் நுழைய உரிமை இல்லை. இரு நிலையங்களின் கடிகாரங்களும் அரை மணி நேரம் முரண்பட்டாலும் மோதல் நடக்காது. நடப்பதெல்லாம் தாமதமும், பதிவேட்டில் குழப்பமும்தான். சிக்னல்கள் மின்னணுவாகி டோக்கன் மறைந்த பிறகும் அந்தக் கொள்கை மாறவில்லை.

எனவே கடிகாரம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. கடிகாரம் எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். வரிசைப்படுத்துவதற்கு என்றால் கேடு தாமதமாக வரும். பதிவு செய்வதற்கு என்றால் வழக்காக வரும். நேரத்தால் பிரிக்கும் பழைய முறையை விட்டுவிட்டால், இடத்தைக் கணிப்பதற்கு என்றால் மட்டுமே நேரடி ஆபத்தாக வரும். கீழே வரும் ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் இந்த மூன்றில் எதில் சேரும் என்று பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

மாலை நான்கு மணி

இந்திய ரயில்வேயின் பொது விதிகளில் 4.01 என்ற விதி, ரயில்கள் அரசு வகுத்த நேரத்தின்படியே இயங்க வேண்டும் என்றும், அந்த நேரம் நாள்தோறும் 16 மணிக்கு முக்கிய நிலையங்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. கண்ட்ரோல் அறை மணி சொல்ல, ஸ்டேஷன் மாஸ்டர்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வது இதன் நடைமுறை வடிவம். 4.03 விதி அடுத்த படியைச் சொல்கிறது: வண்டி புறப்படும் நிலையத்தில் கார்டு தன் கைக்கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு ஒத்து வைத்து, அந்த நேரத்தை ஓட்டுநருக்குச் சொல்ல, ஓட்டுநர் தம் கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்த வேண்டும். கார்டு 2022 முதல் 'டிரெயின் மேனேஜர்' ஆகிவிட்டார். பேச்சில் இன்னும் கார்டுதான்.

கவனித்தால் இது ஒரு முழுமையான ஒத்திசைவு அமைப்பு. மூலம் ஒன்று, அதிலிருந்து படிப்படியாக இறங்கும் கிளைகள், குறித்த இடைவெளியில் திருத்தம். இன்றைய கணினி வலைப்பின்னல்கள் செய்வதும் இதையேதான். நாளுக்கு ஒருமுறைக்குப் பதிலாகச் சில விநாடிக்கு அல்லது சில நிமிடத்துக்கு ஒருமுறை.

பெரிய நிலையங்களில் இதைத் தாய்க் கடிகாரம், சேய்க் கடிகாரம் என்ற ஏற்பாட்டால் செய்கிறார்கள். சேய்க்குச் சொந்த அறிவு கிடையாது. தாயிடமிருந்து நிமிடத்துக்கு ஒரு மின்துடிப்பு வரும், சேயின் முள் ஒரு படி நகரும். இதன் புகழ்பெற்ற வடிவம் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் 1944-இல் வடிவமைத்த சுவிட்சர்லாந்து ரயில்வே கடிகாரம். அதன் சிவப்பு விநாடிமுள் ஒரு சுற்றை ஏறத்தாழ 58.5 விநாடியில் முடித்துவிட்டு, பன்னிரண்டில் வந்து நின்று காத்திருக்கும். தாய்க் கடிகாரத்தின் துடிப்பு வந்ததும் நிமிடமுள் தாவும், விநாடிமுள் அடுத்த சுற்றைத் தொடங்கும். ஒவ்வொரு கடிகாரத்தையும் விநாடிக்கு விநாடி துல்லியமாக ஓடச் செய்வது செலவான வேலை. சற்று வேகமாக ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு கோட்டில் நிறுத்துவது மலிவு. பொறியியலில் இதைவிட நேர்த்தியான சிக்கனத்தைக் காண்பது அரிது.

பாளையங்கோட்டையிலிருந்து டவுணுக்கு ஓர் ஆள்

தாயும் சேயும் ஒரே கட்டடத்தில் இருந்தால் துடிப்பு வந்து சேரும் நேரத்தைப் புறக்கணிக்கலாம். நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? செய்தி வந்து சேருவதற்குள் அது பழையதாகிவிடும். எவ்வளவு பழையது என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். டேவிட் மில்ஸ் 1985-இல் வெளியிட்ட என்டிபி என்னும் நெறிமுறை இந்தச் சிக்கலை எளிய கணக்கால் தீர்த்தது.

பாளையங்கோட்டையில் இருக்கும் ஒருவர், டவுணில் உள்ள சரியான கடிகாரத்தோடு தம் கடிகாரத்தை ஒத்து வைக்க ஓர் ஆளை அனுப்புகிறார் என்று கொள்வோம்.

1. தம் கடிகாரத்தில் 10.00 மணிக்கு ஆளை அனுப்புகிறார்.
2. ஆள் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து போய்ச் சேரும்போது டவுண் கடிகாரம் 10.12 காட்டுகிறது.
3. ஒரு நிமிடம் நின்று, டவுண் கடிகாரத்தில் 10.13-க்குத் திரும்புகிறான்.
4. வந்து சேரும்போது பாளையங்கோட்டைக் கடிகாரம் 10.21 காட்டுகிறது.

ஆள் வெளியே இருந்த மொத்த நேரம் 21 நிமிடம். டவுணில் நின்றது 1 நிமிடம். வழியில் கழிந்தது 20. போகப் பத்து, வரப் பத்து என்று கொண்டால், அவன் டவுணை அடைந்தபோது பாளையங்கோட்டைக் கடிகாரம் 10.10 காட்டியிருக்கும்; டவுணில் அப்போது 10.12. ஆகவே பாளையங்கோட்டைக் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருக்கிறது. கணினிகள் நாள் முழுவதும் செய்துகொண்டிருப்பது இந்தக் கணக்கைத்தான்.

இதன் பலவீனமும் இதே எடுத்துக்காட்டில் தெரியும். போகும்போது பாதை காலியாக இருந்து ஆறே நிமிடத்தில் போய்விட்டான், திரும்பும்போது வண்ணார்பேட்டை நெரிசலில் சிக்கிப் பதினான்கு நிமிடம் ஆனது என்றால்? மொத்தம் அதே 20 நிமிடம்தான். ஆனால் அவன் டவுணை அடைந்தது பாளையங்கோட்டைக் கணக்கில் 10.06-க்கு, உண்மையான பின்தங்கல் ஆறு நிமிடம். கணக்கு சொன்னதோ இரண்டு. போக்குக்கும் வரத்துக்கும் உள்ள வேறுபாட்டில் சரிபாதி பிழையாகச் சேர்கிறது. அது எவ்வளவு என்பதை இந்த முறைக்குள் இருந்துகொண்டு கண்டுபிடிக்கவே முடியாது. இணையத்தின் வழியாக வரும் நேரம் மில்லி விநாடி அளவுக்கு மேல் நம்பத்தக்கதாக இல்லாமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

பிடிபி எனப்படும் இன்னொரு நெறிமுறை, வழியிலுள்ள ஒவ்வொரு வலையமைப்புக் கருவியும் செய்தி தன்னிடம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைக் குறித்து அனுப்பும்படி செய்து, ஒரு மைக்ரோ விநாடிக்கும் கீழே பிழையைக் குறைக்கிறது. வண்ணார்பேட்டையில் எத்தனை நிமிடம் நின்றேன் என்று ஆளே எழுதி வைத்துக்கொள்வதைப் போல. அதற்கு வழிநெடுகச் சிறப்புக் கருவிகள் வேண்டும்.

வானத்திலிருந்து வரும் நேரம்

செயற்கைக்கோள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்த்துவிடுகிறது. ஏனெனில் வானத்தில் வண்ணார்பேட்டை இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் அனுப்பிய நேரத்தையும் ஒலிபரப்புகிறது. சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மூன்று திசைகளில் நம் இடத்தை அறிய மூன்று செயற்கைக்கோள்கள் போதாதா என்றால், போதாது. நம் கருவியின் மலிவான கடிகாரம் எவ்வளவு தவறாக ஓடுகிறது என்பது நான்காவது அறியாக் கணியம். அதற்காக நான்காவது செயற்கைக்கோள். ஆகவே இடத்தைக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு கருவியும் நேரத்தையும் கண்டுபிடித்தே தீர வேண்டும்.

ஒரு மைக்ரோ விநாடிப் பிழை 300 மீட்டர் பிழையாகும். சார்பியல் கோட்பாட்டின்படி அந்த உயரத்திலுள்ள கடிகாரம் தரையிலுள்ளதைவிட நாளுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும்; திருத்தாவிட்டால் தொலைவுக் கணக்கு நாளுக்குப் பதினோரு கிலோமீட்டருக்கு மேல் தவறும்.

இந்தியாவின் சொந்த அமைப்பான நாவிக், இந்தக் கடிகாரங்கள் எவ்வளவு அருமையானவை என்பதைக் கசப்பாகக் கற்றுத்தந்தது. 2013-இல் ஏவப்பட்ட அதன் முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்களும் 2016-இல் செயலிழந்தன. செயற்கைக்கோள் உயிரோடிருந்தது, ஆனால் மணி சொல்லத் தெரியாத வழிகாட்டியாகிவிட்டது. அந்தக் கடிகாரங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. உள்நாட்டில் செய்த ரூபிடியம் கடிகாரத்தைச் சுமந்த என்விஎஸ்-01, 2023 மே 29 அன்று ஜிஎஸ்எல்வி ஏவுகலத்தில் ஏவப்பட்டது. அந்த ஏவுகலத்தின் கிரையோஜெனிக் எஞ்சின் சோதிக்கப்படும் மகேந்திரகிரி, காவல்கிணற்றுக்கு அருகே நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2025 ஜனவரி 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-02 திட்டமிட்ட சுற்றுப்பாதையை எட்டவில்லை. சொந்தக் கடிகாரம் செய்வது ஒரு சாதனை. அதைப் போதுமான எண்ணிக்கையில் மேலே நிறுத்துவது வேறொரு வேலை, அது இன்னும் முடியவில்லை.

கடிகாரம் இப்போது எங்கே ஒளிந்திருக்கிறது

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து தொடங்கலாம். பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் ஏஐஎஸ் என்னும் தன்னடையாளக் கருவி கட்டாயம். கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை எல்லோருக்கும் பொதுவான இரண்டு வானொலி அலைவரிசைகளில் மாறி மாறி அறிவிக்கின்றன. ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இருவர் பேசினால் இரண்டும் கெடும். எனவே ஒரு நிமிடம் 2,250 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 26.67 மில்லி விநாடி என்று வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கப்பலும் தனக்குரிய துண்டை முன்கூட்டியே அறிவித்துப் பிடித்துக்கொள்கிறது. நடுக்கடலில், ஒருவரை ஒருவர் அறியாத கப்பல்கள், தலைவர் யாருமின்றி வரிசை குலையாமல் பேசுகின்றன என்றால் அதற்கு எல்லோரும் ஒரே செயற்கைக்கோள் நேரத்தைக் கேட்பதே காரணம். செயற்கைக்கோள் கிடைக்காத கப்பல், கிடைக்கிற பக்கத்துக் கப்பலின் செய்தியைக் கேட்டுத் தன் கடிகாரத்தை அதற்கு ஒத்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அந்தத் தரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் மணி கேட்கும் பழக்கம் இங்கே விதியாகியிருக்கிறது.

ரயில்கள் மோதாமல் தானாகவே தடுக்கும் ரயில்வேயின் கவச் அமைப்பும் இதே அடிப்படையில்தான் பேசுகிறது. நிலையக் கருவியும் எஞ்சின் கருவியும் வானொலியில் பரிமாறிக்கொள்ளும் செய்திகளுக்கு நேரத் துண்டுகள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றை ஒத்து வைப்பது செயற்கைக்கோள் நேரம். எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கவச் வானத்திடம் கேட்பதில்லை; தண்டவாளக் கட்டைகளில் பொருத்திய அடையாளப் பட்டைகளைப் படித்து அறிகிறது. இந்தப் பிரிப்பு மிக முக்கியமானது. நேரம் கெட்டால் வானொலிப் பேச்சு கெடும். பேச்சு நின்றால் அமைப்பு தன் கட்டுப்பாட்டைக் கடுமையாக்கும், அல்லது ஓட்டுநர் சிக்னலைப் பார்த்து ஓட்டும் பழைய நிலைக்குத் திரும்பும். வண்டி தாமதமாகும்; டோக்கன் காலத்துக் கொள்கை அப்படியே காக்கப்படுகிறது.

நம் கைப்பேசியில் 'வண்டி எங்கே வருகிறது' என்று பார்க்கும் தகவலுக்கு வேறொரு ஏற்பாடு. எஞ்சினில் பொருத்திய ஆர்டிஐஎஸ் கருவி இடத்தையும் நேரத்தையும் 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. தென்காசித் தடத்தில் ஒரு வண்டி அம்பாசமுத்திரத்தில் கிராசிங்குக்காக எத்தனை நிமிடம் நிற்கும் என்பதை கண்ட்ரோல் முடிவு செய்வது இத்தகைய பதிவுகளைக் கொண்டே. இங்கே விநாடிப் பிழை பொருட்டில்லை.

சாலைச் சிக்னலில் விநாடிகள் பொருட்டாகின்றன. இரண்டு சிக்னல்களுக்கு இடையே 400 மீட்டர், வண்டிகளின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்குப் பத்து மீட்டர் என்றால், முதலாவதில் பச்சை விழுந்த 40 விநாடி கழித்து அடுத்ததில் பச்சை விழ வேண்டும். அப்போதுதான் ஒருமுறை நின்றவர் அடுத்த சிக்னலிலும் நிற்க நேராது. இரு பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசத் தேவையில்லை. ஒரே நேரத்தைக் கேட்டால் போதும். கேட்காமல் தம் குவார்ட்ஸ் படிகத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? கைக்கடிகார வகைப் படிகம் 25 பாகை வெப்பத்தில் சரியாக ஓடும்படி செய்யப்பட்டது. அதிலிருந்து விலகும் வெப்பத்தின் இருமடிப் பெருக்கத்துக்கேற்ப அது பின்தங்கும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் 60 பாகை ஏறினால், அந்த வெப்பம் நீடிக்கும்வரை நாளுக்கு மூன்றரை விநாடிக்கு மேல் என்ற வேகத்தில் அது பின்னால் போகும். நிழலில் நிற்கும் பெட்டிக்கும் வெயிலில் நிற்கும் பெட்டிக்கும் சில வாரங்களில் அந்த 40 விநாடிக் கணக்கு குலைந்து, வண்டிகள் இரண்டிலும் நிற்கத் தொடங்கும். சிக்னலை யாரோ வேண்டுமென்றே மாற்றிவிட்டார்கள் என்ற புகாருக்குப் பின்னால் சில சமயம் வெயில்தான் இருக்கும்.

பேருந்துகளின் கதை வேறு. தனியார் பேருந்துக்கு எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு என்பது அனுமதிச்சீட்டோடு சேர்ந்து வருகிறது. முன்னால் போகும் வண்டி இரண்டு நிமிடம் நின்று பயணிகளை அள்ளிக்கொண்டால் பின்னால் வருபவருக்கு வசூல் போகும். டைமிங் தகராறு என்று நாம் அறிந்த சண்டைகளில் பாதி, யார் கடிகாரம் சரி என்ற சண்டையே. டைம் கீப்பரின் கடிகாரம், நடத்துநரின் டிக்கெட் கருவி, ஓட்டுநரின் கைப்பேசி மூன்றும் மூன்று மூலங்களைக் கேட்கும்வரை இதற்குத் தீர்ப்பு சொல்ல ஆளில்லை. இங்கே மைக்ரோ விநாடி எதுவும் வேண்டாம். ஒப்புக்கொண்ட ஒரு கடிகாரம் போதும்.

ஊற்று வற்றினால்

எல்லாக் கிளைகளும் ஒரே ஊற்றைக் கேட்பதால் வசதி எவ்வளவோ அவ்வளவு ஆபத்தும் உண்டு. பதிவான சில நிகழ்வுகளே போதும்.

1. 2016 ஜனவரி 26: பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றைப் பணியிலிருந்து விலக்கும்போது நேர்ந்த பிழையால், வேறு சில செயற்கைக்கோள்கள் உலக நேரத்தை 13.7 மைக்ரோ விநாடி தவறாக அறிவித்தன. வழிகாட்டும் கருவிகளில் இடம் தவறவில்லை. ஏனெனில் கெட்டது ஜிபிஎஸ்ஸின் உள்நேரம் அல்ல, அதை உலக நேரமாக மாற்றும் எண். ஆனால் அந்த எண்ணை நம்பியிருந்த தொலைத்தொடர்பு, ஒலிபரப்புக் கருவிகள் சில நாடுகளில் எச்சரிக்கை மணி அடித்தன.

2. 2012 ஜூலை 1: பூமியின் சுழற்சிக்கு ஈடுகட்ட உலக நேரத்தில் ஒரு விநாடி சேர்க்கப்பட்டது. 61 விநாடி கொண்ட நிமிடத்தை எதிர்பாராத கணினிகள் திணறின. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமானப் பயணிகள் பதிவு முடங்கி விமானங்கள் தாமதமாயின. கடைசியாக விநாடி சேர்த்தது 2016 டிசம்பர் முடிவில். ஜிபிஎஸ் நேரம் இந்தச் சேர்ப்புகளை ஏற்பதில்லை என்பதால் அது இப்போது உலக நேரத்தைவிட 18 விநாடி முந்தி ஓடுகிறது. இப்படி விநாடி சேர்க்கும் வழக்கத்தை 2035-க்குள் மாற்றுவதென்று 2022-இல் எடைகள், அளவைகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு முடிவெடுத்தது.

3. போலிச் சமிக்ஞை: தரையிலிருந்து வலுவான பொய்ச் சமிக்ஞையை அனுப்பி, கருவியைத் தவறான இடத்தையும் நேரத்தையும் நம்பவைப்பது. போர் நடக்கும் பகுதிகளின் வான்வழிகளில் இது அன்றாட நிகழ்வாகிவிட்டது. மேலே சொன்ன மூன்று வகைகளில் நேரடி ஆபத்து என்ற கடைசி வகை இதுதான்; விமானமும் கப்பலும் இதற்கு இலக்கு.

இவற்றுக்கு மாற்று, ஊற்று நின்ற பிறகும் தாக்குப்பிடிக்கும் திறன். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே ஒரு கருவியில் எந்தக் கடிகாரத்தை வைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. சாதாரணக் குவார்ட்ஸ், ஏஐஎஸ்ஸின் ஒரு முழுத் துண்டு அளவுக்கு விலக 22 நிமிடம் போதும். ரூபிடியம் கடிகாரம் நாள் முழுவதும் மைக்ரோ விநாடி அளவிலேயே நிற்கும், விலைதான் உயரும். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளில் 'ஜிபிஎஸ் கடிகாரம்' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், ஜிபிஎஸ் இல்லாமல் எத்தனை மணி நேரம், எவ்வளவு பிழைக்குள் என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

யாருடைய நேரம் செல்லும்

இப்போது வரைவு விதிகளுக்குத் திரும்பலாம். அவை நம் மணியை மாற்றுவதில்லை. வணிகம், போக்குவரத்து, அரசு நிர்வாகம், ஒப்பந்தங்கள் ஆகியவற்றில் இந்திய நேரமே சட்டப்படியான ஒரே நேரம் என்றும், வழிசெலுத்தல், வானியல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு என்றும் சொல்கின்றன. அதற்கான ஏற்பாடாக தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தை அகமதாபாத், பெங்களூரு, புவனேசுவரம், ஃபரிதாபாத், குவாஹாத்தி ஆகிய ஐந்து இடங்களிலுள்ள ஆய்வகங்கள் வழியாகப் பரப்பும் திட்டம் இருக்கிறது. தென்கோடிக்கு மிக அருகிலிருப்பது பெங்களூரு. ஊற்றை உள்நாட்டில் வைத்துக்கொள்வது ஒரு நோக்கம். தகராறு வந்தால் எந்தக் கடிகாரத்தைச் சான்றாகக் கொள்வது என்பதைத் தீர்ப்பது இன்னொன்று. பொதுமக்களின் அன்றாடத்தைத் தொடுவது இரண்டாவதுதான்.

சுங்கச்சாவடியை எடுத்துக்கொள்வோம். நெல்லையிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் போகும் ஒருவர் நாங்குநேரியில் கட்டணம் செலுத்தி, 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் சலுகை உண்டு. ஒரே கடப்புக்கு மூன்று நேரங்கள் பதிவாகின்றன: ரீடர் ஃபாஸ்டேகைப் படித்த நேரம், அந்தப் பதிவு வங்கிக்குச் சென்று தொகை பிடிக்கப்பட்ட நேரம், கைப்பேசிக்கு எஸ்எம்எஸ் வந்த நேரம். வலையமைப்பு தடைப்பட்டால் பின்னிரண்டும் மணிக்கணக்கில் தள்ளிப்போகலாம். 2025 பிப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த, வங்கிகளுக்கு இடையிலான பணப்பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் சுற்றறிக்கை பெரும் குழப்பத்தைக் கிளப்பியதற்கும் இதுவே காரணம். ரீடர் படித்த நேரத்துக்கு 60 நிமிடத்துக்கு முன்பிருந்தே இருப்புக் குறைவு போன்றவற்றால் தடைப்பட்டியலில் இருந்து, படித்த பின் 10 நிமிடம் வரையிலும் அதிலேயே நீடிக்கும் ஃபாஸ்டேகின் பரிவர்த்தனை மறுக்கப்படும் என்பது அதன் சாரம். 60 நிமிடத்துக்கு முன்பே பணம் போட வேண்டும் என்று பலர் புரிந்துகொண்டார்கள். வங்கிகளுக்கு இடையிலான தகராறுகளைத் தீர்ப்பதற்கான விதி அது என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் பிறகு விளக்கியது. எஸ்எம்எஸ்ஸில் உள்ள மணியை வைத்துக்கொண்டு சாவடியில் வாதாடுவதால் பயனில்லை. அந்த விதியின் இரு எல்லைகளும் அளக்கப்படுவது ரீடரின் கடிகாரத்திலிருந்து. முறையிடுபவர் முதலில் கேட்டுப் பெற வேண்டிய நேரம் அதுவே.